கழற்றி வைத்த தாழ்ப்பாள்

மூக்கில் மருந்தடித்தால் அரைமணி நேரத்தில் சாகவேண்டும் என்கிற நினைப்பு ஓடிவிடும் காலம் அது, மக்களே. காலையில் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன புருசன் கபிரியேலை, மத்தியானம் மீன்குழம்பு கேட்கிற மனுசனாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள் அமலோற்பவம்.

சாப்பிட்ட கையோடு அவன் திருப்புளியை எடுத்தான். நாலு மாதம் முன்பு அவள் பயந்துபோய்க் கழற்றி வைத்த குளியலறைத் தாழ்ப்பாளைக் கேட்டு வாங்கி, மறுபடி மாட்டினான்.

"இன்னைக்கேவா மாட்டணும்?"

"எனக்குத்தான் சரியாப்போச்சே! ஒனக்கும் மூக்குல ரெண்டு அடி அடிக்கச் சொல்லவா?"

அதையும் அவள் கேட்டுத்தான் பார்த்திருந்தாள். கூட இருக்கிறவர்களுக்கு இன்னும் மருந்து வரவில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா பேசிக்கிட்டே குளிங்க."

"தனியா என்னத்தப் பேச? பதினேழாம் வாய்ப்பாடு சொல்லட்டா?"

சிரித்துக்கொண்டே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். தண்ணீர்ச் சத்தத்தோடு வாய்ப்பாடும் கேட்டது. அவள் கதவில் காதை வைத்து நின்றாள்.

"ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்பது..."

பிறகு குரல் நின்றது. தண்ணீரும் நின்றது. நாலு மாதப் பயமும் ஒன்றாகத் திரும்பி வந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

"ஏட்டி, எட்டு பதினேழு எவ்வளவு?"

அவள் கதவோரமே உட்கார்ந்துவிட்டாள்.

"நூத்தி முப்பத்தாறு. மேல சொல்லுங்க... நிறுத்தாதீங்க."