கணக்கில் விடுபட்டவர்

மாவட்டத்தின் கடைக்கோடி ஊர்களையெல்லாம் செருப்புத் தேய நடந்து முடித்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளருக்கு மிச்சம் அந்த ஒரு வீடுதான். வாசலிலேயே நின்று முறைப்படி ஆரம்பித்தார்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நான், மாமியார், ரெண்டு பிள்ளைங்க.”

“வீட்டுக்காரரை விட்டுட்டீங்களே?”

“அவரு ராத்திரி சாப்பிட வருவாரு, விடியறதுக்குள்ள ஓடிடுவாரு. விருந்தாளியையும் கணக்குல சேர்ப்பீங்களா?”

“சேர்த்துத்தான் ஆகணும். சரி, குடும்பத் தலைவர் யாரு?”

“நான்தான்!”

அவருக்குச் சுருக்கென்றது. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“அவ சொல்றதுதான் சரி, அப்படியே எழுதிக்கோ!”

கணக்கெடுப்பாளர் பேனாவை மூடினார்.

“ஏம்மா, பெத்த பிள்ளை என்னை நீயுமா விட்டுக்கொடுக்கிற?”

மனைவி சிரித்தாள்.

“விருந்தாளி வாசல்ல நிக்கலாமா? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க.”