லாக் பொய் சொல்லாது

"நாலு பேர் குரூப்புல மூணு பேர் உழைச்சிருக்காங்க. நீ என்னம்மா பண்ணின? வேடிக்கை பார்த்தியா?"

பேராசிரியர் கேட்டார். எதிரே நின்ற மாணவி வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் குரூப்பின் தலைவன் விறைப்பாக நின்றான். அவனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவாள் என்று கேள்வி.

கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருட ப்ராஜெக்ட். பதினாலு மாடிக் கட்டடத்தில் மூன்று லிஃப்ட் இருந்தால் எது எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராம். நாலு பேர் எழுதுவதும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். யார் எந்த வரியை, எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புதான் லாக். அதைப் பார்த்துத்தான் பேராசிரியர் மார்க் போடுவார். "மனுஷன் பொய் சொல்வான், லாக் பொய் சொல்லாது" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"கேப்டன் பேர்ல இருநூத்திப் பன்னிரண்டு பதிவு. மத்த ரெண்டு பேர் பேர்ல ஆளுக்கு முப்பது, நாப்பது. உன் பேர்ல எத்தனைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"பூஜ்யம்! என் வகுப்புக்கும் வர்றதில்ல. செவ்வாய்க்கிழமைன்னா உனக்கு ஆகாதா? இதுல நான் பூஜ்யம் போட்டா உனக்கு இந்த வருஷமே போச்சு. மறுபடி முதல்லேர்ந்து வரணும். புரியுதா?"

புரிந்தது. கண் கலங்கியது.

"நீ சொல்லுப்பா."

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "காட்டிக்கொடுக்கறதா நினைக்காதீங்க சார். மீட்டிங்குக்கு வருவா, உட்காருவா, எழுந்து போவா. அவ்வளவுதான். ராப்பகலா கண்ணு முழிச்சது நாங்க."

அறை மூலையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே குனிந்திருந்த உதவி விரிவுரையாளர் நிமிர்ந்தாள். கையில் சிவப்புப் பேனா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் பேசி அந்த அறையில் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

"சார், அந்த லாக்ல செவ்வாய்க்கிழமைகளை மட்டும் கொஞ்சம் பாருங்களேன்."

"ஏம்மா?"

"காலையில பத்திலேர்ந்து பன்னிரண்டுக்குள்ள, எல்லா வாரமும் சேர்த்து நூத்தித் தொண்ணூறு பதிவு. எல்லாம் கேப்டன் பேர்ல."

"அதுக்கென்ன? உழைக்கிற பையன்."

"அந்த நேரத்துல இந்தப் பையன் உங்க வகுப்புல இருந்திருக்கான் சார். வருகைப் பதிவேடு இதோ."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் கையைத் தூக்குகிற முகத்தை அவர் எப்படி மறப்பார்?

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ யார் எழுதினது?"

"நான்தான் சார்," என்றாள் ஊமைக்கோட்டான். "என் லேப்டாப் போன வருஷமே போயிடுச்சு. இவனோடதுல எழுதினேன். அதுல எழுதறதெல்லாம் இவன் பேர்லதான் பதிவாகும். உங்க வகுப்புல லேப்டாப் திறக்கக் கூடாதுல்ல, அந்த ரெண்டு மணி நேரம்தான் அது எனக்குக் கிடைக்கும்."

"மூணு லிஃப்ட்டும் ஒரே மாடியில வந்து நின்னா என்ன ஆகும்? கேப்டன், நீ சொல்லு," என்றார் பேராசிரியர்.

கேப்டன் கூரையைப் பார்த்தான்.

"ஒண்ணு அங்கேயே நிக்கும். ஒண்ணு கீழ் மாடிக்கு இறங்கிடும். ஒண்ணு ஏழாவது மாடிக்குப் போயிடும் சார்," என்றாள் அவள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"லாக் பொய் சொல்லாதுன்னு சொல்ற உங்ககிட்ட, லாக் பொய் சொல்லுதுன்னு நான் எப்படி சார் சொல்றது?"

பேராசிரியருக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உழைச்சது ஒருத்தி, பேர் உனக்கா? பேரைப் போட்டுக்கிட்டா வேலை உன்னோடதாயிடுமா? இதுக்குப் பேரு திருட்டுடா! உனக்குத்தான் பூஜ்யம். வருஷம் போகட்டும், அப்பத்தான் புத்தி வரும். அவளுக்கு முழு மார்க். போங்க ரெண்டு பேரும்."

கேப்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தேங்க்ஸ் சார்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, மூலையைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். அங்கே சிவப்புப் பேனா மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

பேராசிரியருக்கு மனசு நிறைந்துவிட்டது. நியாயமாக ஒரு காரியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்தவங்க உழைப்பைத் தன்னோடதுன்னு சொல்லிக்க எப்படித்தான் மனசு வருதோ! எனக்கு இது மட்டும் ஆகவே ஆகாதும்மா."

"ஆமா சார்." உதவி விரிவுரையாளர் கடைசித் தாளைக் கட்டுக்குள் வைத்து நூலைச் சுற்றினாள். "நூத்தி இருபது விடைத்தாளும் திருத்தியாச்சு. 'திருத்தியவர்'ங்கிற இடத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சும்மா. வழக்கம்போல அதையும் நீயே போட்டுடு. என் கையெழுத்து என்னைவிட உனக்குத்தான் அழகா வருது!"