வேலியோடு நின்ற வட்டம்

வட்டத்தைச் சுருக்கச் சொல்லி வந்தவன் கூடவே ஒரு பெட்டி டோனட்டும் வாங்கி வந்திருந்தான்.

கூட்டம் முடிவதற்குள் பெட்டி காலியானது. வட்டமும் சுருங்கியது. டார்லா அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை.

புளோரிடாவின் அந்தக் கடல்முனையில் அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் பக்கத்துப் பக்கத்து ஏவுதளம். இரண்டுக்கும் பொதுவான பாதுகாப்பு அதிகாரி டார்லா கிம்பிரல். கம்பெனி தன் ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் அதைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஈ காக்கா இல்லாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

பழைய வட்டத்துக்குள் அரசாங்கத் தளமும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே கோபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வேனில் உட்கார்ந்து கொசுக்கடி பட்டார்கள். அரசாங்கத் தரப்பின் கர்னல் ஹாஸ்கெட்டுக்கு வேலை பிந்தியது. டோனட்டோடு வந்த கம்பெனிக்காரன் ராய்ஸுக்கோ அவர்கள் வெளியேறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை.

ஆக, இருவருக்கும் ஒன்றாக ஞானம் பிறந்தது. புது வட்டம் சரியாக அரசாங்கத் தளத்தின் வேலியோடு நின்றது. வெடித்தால் நெருப்பு வேலியைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிப் போய்விடும் என்று எழுதாத குறைதான்.

டார்லா சொல்லிப் பார்த்தாள். இதற்கு முன் வேறோர் இடத்தில் வெடித்த ராக்கெட்டின் இரும்பு எவ்வளவு தூரம் பறந்தது என்று சொன்னாள்.

"எங்க ராக்கெட் வெடிக்காது. நீ சும்மா பயந்து சாகாத," என்றான் ராய்ஸ்.

கர்னல் தலையாட்டியபடியே விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே எரிபொருள் நிரப்பப் போகிறார்கள். தன் வண்டியை எடுக்க வந்தவள் பின்னாலேயே ராய்ஸும் வந்தான்.

உள்ளே 'நீ' என்றவன் வெளியே 'நீங்க'வுக்கு வந்திருந்தான்.

அவன் மகள் ஷெல்பி அரசாங்கத் தளத்தின் கோபுரத்தில் வெல்டர். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்று போகாதே என்று அப்பன் சொன்னால் கேட்கிற ரகமில்லை.

"அவளை மட்டும் மதியம் ஏதாவது ஆபீஸ் வேலைன்னு கூப்பிட்டுக்கங்க. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ அம்மாவுக்காகச் சொல்றேன்."

டார்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள். செத்த மீன் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. கோபுரத்தில் இருக்கிற மற்றவர்களுக்கெல்லாம் அம்மா இல்லையா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"நீங்க ரெண்டாவது ஆளு. காலையிலயே கர்னல் போன் பண்ணி, அவர் மருமகனை வேற எங்கயாவது அனுப்பச் சொல்லிட்டாரு."

வெட்கப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகம் மலர்ந்தது. கர்னலே கேட்டிருக்கிறார் என்றால் தான் கேட்டதில் தப்பில்லை என்று நிம்மதியாகச் சொன்னான். அவள் தோளில் தட்டவும் கையை நீட்டினான்.

அவள் விலகிக்கொண்டாள். இந்த ஜென்மங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுந்ததே அருவருப்பாக இருந்தது. வண்டிக்குள் கையை விட்டு ரேடியோவை எடுத்தாள்.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களையும் கிளப்ப அவளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த முனையில் ஒரு வழக்கம். ஆட்களைக் கிளப்புகிறவர், அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து கேட்கிற பொது அலைவரிசையில் காரணத்தைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். காரணம் உப்புச்சப்பில்லாமல் இருந்தால் அவர் வேலைக்கு ஆபத்து.

கோபுரத்தில் இருக்கும் எல்லோரையும் உடனே இறங்கி வெளியேறச் சொன்னாள்.

அங்கிருந்த மேஸ்திரியின் குரல் இரைச்சலோடு வந்தது. புது வட்டத்துக்குள் தாங்கள் இல்லையே, என்ன காரணம் என்று கேட்டார்.

டார்லா பொத்தானை அழுத்தினாள்.

"விஷயம் தெரிஞ்ச மூணு பேரு, அவங்கவங்க வீட்டு ஆளை மட்டும் வெளிய எடுக்கப் பாத்திருக்கோம். அதான் காரணம்."

ராய்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டி ரேடியோவைப் பிடுங்க வந்தவன் பாதியில் நின்றான்.

"ரெண்டு பேருதானே?" என்றான்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"என் தம்பியும் அந்தக் கோபுரத்துலதான் வேலை பாக்கறான். இந்தக் கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அவனைக் காய்ச்சல்னு லீவு போட வச்சிட்டுத்தான் வந்தேன்."