இரண்டு தாயம்மாவும் ஒரு டேட்டாபேஸும்

"எழுதினவர் பேரே இல்லாத புத்தகத்தைப் பாடப் புத்தகமா வைக்கச் சொல்றீங்களே அன்பரசி, இது நியாயமா?"

இனாயத்துல்லா சார் அந்த மெல்லிய புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். நகல் எடுக்கும் கடையில் சுருள்கம்பி போட்டுக் கட்டிய தொண்ணூறு பக்கம். அட்டையில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில், அவர் பதினைந்து வருடமாகப் பாடம் நடத்தும் வெளிநாட்டுப் புத்தகம் தலையணை கனத்தில் கிடந்தது.

மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில், முதலாண்டு டேட்டாபேஸ் பாடத்துக்கு எந்த அறிமுகப் புத்தகம் என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும். மேசையைச் சுற்றி மூன்று விரிவுரையாளர்கள். கூட்டக் குறிப்பை மலாயில் எழுதுவார்கள். சண்டை மட்டும் தமிழில்தான்.

"போன தடவை நாப்பது பேர்ல இருபத்து மூணு பேர் பெயில் சார்," என்றாள் அன்பரசி. வேலைக்கு வந்து இரண்டே வருடம். "மூணு தடவை பெயிலானா காலேஜை விட்டே போகணும். பாதிப் பேரு எஸ்டேட்டுலேருந்து வர்ற புள்ளைங்க. இந்தத் தடிப் புத்தகத்தால அவங்க படிப்பே போயிடும்."

சார் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தத் தலையணையை யாராவது குறை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"புத்தகத்து மேல தப்பு இல்லைம்மா, படிக்கிறவன் மண்டையிலதான் தப்பு. போன பரீட்சையில ஒரு பய தாத்தா, அப்பா, மகன்னு ஒரே வீட்டு ஆளுங்களை மூணு குடும்பமாப் பிரிச்சு வச்சிருக்கான். குடும்பப் பேர் போட வேண்டிய எடத்துல அவங்கவங்க அப்பா பேரைப் போட்டா வேற என்ன ஆகும்? முட்டை மார்க்தான் போட்டேன்."

"நமக்கு ஏது சார் குடும்பப் பேரு? உங்க அடையாளக் கார்டுல இருக்கா?"

சார் சட்டைப் பையில் இருந்த அடையாளக் கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துறைத் தலைவி நஜீபா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"பேசிக்கிட்டே இருந்தா பொழுதுதான் போகும்லா. ஆபீஸ்லேருந்து துளசியை வரச் சொல்லுங்க."

துளசி மாணவர் பதிவைக் கவனிப்பவள். கணினியில் தட்டச்சு செய்வாள், அதற்கு மேல் தெரியாது. அவளிடம் இரண்டு புத்தகத்திலும் முதல் பாடத்தைப் படிக்கச் சொன்னார் மேடம்.

தலையணையில் நாலாவது பக்கம் தாண்டுவதற்குள் துளசிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மெல்லியதைப் பிரித்ததும் சிரித்தாள்.

"இதுல ரெண்டு தாயம்மா வர்றாங்க மேடம். ரெண்டு பேருமே சன்னாசி மக. ஒருத்திக்கு மேட்டு லயத்துல வீடு, ஒருத்திக்குப் பள்ளத்து லயத்துல வீடு. எஸ்டேட் கிளினிக்குல ஒருத்தி கார்டை எடுத்து இன்னொருத்திக்கு மருந்து குடுத்துட்டாங்களாம். பேரை நம்புனா இப்படித்தான் ஆகும், ஆளுக்கொரு நம்பர் குடு, அது வேற யாருக்கும் வரக் கூடாது, எப்பவும் மாறக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டாள். ஆள், லயம், கிளினிக்குக்கு வந்த நாள். நம்பரைக் கொண்டு மூன்றையும் கோடு போட்டு இணைத்தாள்.

"நம்ம மாணவர் பதிவுலயும் ரெண்டு பிரேமலா இருக்காங்க மேடம். போன மாசம் ஒருத்தி லெட்டரை இன்னொருத்திக்கு அனுப்பிட்டேன். ஏன் அப்படி ஆச்சுன்னு இப்பத்தான் புரியுது."

சார் பலகையருகே போய் நின்றார். தப்பு தேடினார், கிடைக்கவில்லை. திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லிய புத்தகத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பென்சிலைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் படித்தார். அன்பரசி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பக்கத்திலும் இறங்கவில்லை.

"குறை சொல்ல ஒண்ணுமில்லை," என்று கடைசியில் புத்தகத்தை மூடினார் சார். "சிக்கலான எடத்துலயெல்லாம் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறார். என் புத்தகம் ரெண்டாம் வருஷத்துக்கு இருக்கட்டும். முதல் வருஷத்துக்கு இதுதான்."

அன்பரசிக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. அத்தனை சந்தோஷம். வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் ஜெயித்த முதல் சண்டை இது.

நஜீபா மேடம் முடிவை எழுதிக்கொண்டே கேட்டார், "இப்பவாவது சொல்லுங்க, யாரு எழுதினது? ஏன் பேர் போடலை?"

"பேரைப் பார்த்தா யாரும் பிரிச்சே பார்க்க மாட்டாங்கன்னு அவருக்குப் பயம் மேடம். கலும்பாங் பக்கத்து எஸ்டேட்டுல பொறந்தவர்."

"ரொம்ப அனுபவசாலியா இருக்கணும்," என்றார் சார்.

"இந்தப் பாடத்துல ரெண்டு தடவை அடிபட்ட அனுபவம் சார்."

"அப்படிப்பட்டவர்தான் எழுதணும். முதல் வாரமே வகுப்புக்குக் கூப்பிடுங்க. நானே மாலை போட்டு வரவேற்கிறேன். வருவாரா?"

அன்பரசி அந்த மெல்லிய புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கட்டாயம் வருவான் சார். தாத்தா, அப்பா, மகனை மூணு குடும்பமாப் பிரிச்சு உங்ககிட்ட முட்டை வாங்கின சத்தியசீலன்தான் அது. மூணாவது தடவை எழுத உங்க வகுப்புலதான் பதிஞ்சிருக்கான்."