கத்திய பிரேக் கட்டை

மீன் விற்கும் சவரிமுத்து, கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு பழைய மோட்டாரை வாங்கித் தன் சைக்கிளில் பூட்டினார்.

"இனிமே என் வேகம்தான் உனக்கும்," என்றது மோட்டார்.

"மிதிக்கிற வேகத்துக்கே நான் தேஞ்சு போயிட்டேன். உன்னை எப்படிப் பிடிச்சு நிறுத்துவேன்? அவர்கிட்ட சொல்லணும்," என்றது பிரேக் கட்டை.

அவர் தெருவில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தபோதெல்லாம் அது கிறீச்சென்று கத்திச் சொன்னது.

"காது கிழியுது," என்று முணுமுணுத்தவர், வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயில் நாலு சொட்டை அதன்மேல் விட்டார். கத்தல் நின்றது.

"இப்பதான் வண்டி மாதிரி இருக்கு," என்றபடி மீன் கூடையைக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினார்.

"என்ன, சத்தத்தையே காணோம்? குறையெல்லாம் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டது மோட்டார்.

எண்ணெயில் வழுக்கிக்கொண்டிருந்த கட்டை வாயைத் திறக்கவில்லை. பாலத்தின் இறக்கம் தொடங்கியது.