மாப்பிள்ளை திரும்பவில்லை

அவன் நின்றுவிட்டான்.

மண்டபத்து வாயிற்படியில் மாலையோடு காத்திருந்த அவள், அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சகச்சம். ஒரு கையில் விரித்த குடை. மறு கையில் தடி. கக்கத்தில் புத்தகம். காசி யாத்திரைக்கு வேண்டிய எதிலும் குறைவில்லை.

முறை எளிது. இல்லறம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று மணமகன் புறப்பட வேண்டும். வெளிக்கதவு வரை நடக்க வேண்டும். பெண்ணின் தந்தை தேங்காயுடன் சென்று, மகளைத் தருகிறேன் என்று அழைக்க வேண்டும். அவன் திரும்ப வேண்டும்.

வெளிக்கதவு இன்னும் தொலைவில் இருந்தது.

தேங்காயைக் காணவில்லை. அதைத் தேடி எடுக்க அவளுடைய தந்தை சந்தானத்திற்கு மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மூன்று நிமிடமும் அவன் அசையவில்லை.

பத்து நாளைக்கு முன்னர் அவன் தொலைபேசியில் கேட்டிருந்தான்: கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா? மறுநாளே, விளையாட்டுக்குக் கேட்டேன் என்றான்.

அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சந்தானம் நடைபாதையில் இறங்கினார். தேங்காயை நீட்டினார். சொல்லவேண்டியதைச் சொன்னார்.

அவன் திரும்பவில்லை.

கூட்டம் சிரித்தது.

"என்ன மாப்ளே, கார் வேணுமா? சாவியை இப்பவே தரச் சொல்லட்டுமா?"

மாம்பலத்திலிருந்து வந்திருந்த பட்டாபி, அவளுடைய தாய்மாமன். எங்கும் அவர் குரல்தான் முதலில் எழும்.

சந்தானம் இன்னும் இரண்டு அடி முன்னே போனார்.

அவரும் நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் பேரம் பேசறா பாருங்கோ. நான் போய் இழுத்துண்டு வரேன்."

பட்டாபி போனார். பட்டாபியும் நின்றுவிட்டார்.

மூன்று முதுகுகள்.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணுக்கு முகூர்த்தம் முடியறது. அப்பறம் என்னைச் சொல்லப்படாது."

கூட்டத்தில் சிரிப்புக் குறைந்தது.

மணமகள் வாயிலைக் கடப்பது முறையன்று.

அவள் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கடந்தாள்.

பாதி வழியில் நாதஸ்வரம் பின்தங்கியது. வேறோர் ஒலி கேட்டது. காய்ந்த விதைகளைத் தகரக் குவளையில் இட்டு, விடாமல் குலுக்குவது போன்ற ஒலி.

வெயிலில் சூடேறிய கல்லின்மேல் அது சுருண்டு கிடந்தது. அவனுடைய செருப்புக்கும் அதற்கும் இடையே நான்கு அடி. வால்நுனி நிமிர்ந்து நடுங்கியது.

கிலுகிலுப்பை விரியன்.

அவள் நியூயார்க் மாநிலத்தின் இந்த மலைப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் கோடை விடுமுறைக்கு முன்னர் ஆண்டுதோறும் சொல்லித்தருவார்கள். எண்ணிக்கையில் அருகிவிட்ட உயிர். சட்டம் அதைக் காக்கிறது. கொல்லக்கூடாது, பிடிக்கக்கூடாது, சீண்டவும் கூடாது.

பட்டாபியின் கை, மாப்பிள்ளையின் தடியை நோக்கி மெல்ல நீண்டது.

"மாமா, அடிக்கப்படாது. சட்டம்."

"கல்யாணப் பொண்ணா நீ, பாம்புக்கு வக்கீலா?" உதடு அசையாமல் கேட்டார்.

"இன்னிக்கு ரெண்டும். கையை எடுங்கோ."

கை பின்வாங்கியது.

அவள் அவனுடைய தோளைத் தொட்டாள்.

"எல்லாரும் பின்பக்கமா வாங்கோ. மெதுவா. ஓடப்படாது. நான் எண்ணறேன்."

ஒன்று.

இரண்டு.

அவனுடைய குதிகால் அவளுடைய கட்டைவிரலை மிதித்தது. அவள் எண்ணிக்கையை நிறுத்தவில்லை.

ஏழாவது அடியில் அந்த ஒலி ஓய்ந்தது.

விரியன் சுருளை அவிழ்த்தது. நடைபாதையைக் கடக்கத் தொடங்கியது. விரையவில்லை. நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதுக்கென்ன, அதுக்கா முகூர்த்தம் முடியறது?" என்றார் பட்டாபி.

முதலில் சிரித்தவர் சந்தானம். சிரிப்பு நிற்பதற்குள், தடியை வாங்கிக்கொண்டு தேங்காயை மாப்பிள்ளையின் கையில் திணித்தார்.

"என் பொண்ணைத் தரேன். வந்துடுங்கோ. தயவுபண்ணி வேகமா வந்துடுங்கோ."

அவன் திரும்பினான்.

விரியன் பாறை இடுக்கில் மறைந்தது. பெரியவர்கள் இருவரும் முன்னே விரைந்தார்கள். யார் அதிகம் பயந்தது என்பதில் அதற்குள் வழக்கு மூண்டிருந்தது.

அவளும் அவனும் பின்தங்கினார்கள்.

"அது எப்போ வந்தது?"

"நான் நின்னதுக்கு அப்பறம்."

அவள் நான்கு அடி நடந்தாள்.

"அப்போ நீ ஏன் நின்னே?"

அவன் குடையை மடக்க முயன்றான். அது மடங்கவில்லை. அவனுடைய காதுகள் சிவந்திருந்தன.

"விளையாட்டுக்குக்கூட அதுக்கு மேல போகத் தோணலை."

அவள் குடையை வாங்கி மடக்கினாள்.