மேற்கோள் காட்டிய பெரியவர்

எழுதிப் பழகாத கை துணிந்து எழுதுகிறது. குறை தென்பட்டால் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மந்தைவெளியில், பெண் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த அனைவருக்கும் அன்று செவ்வாயை நினைத்துத்தான் அச்சம். பெண் பார்க்க வந்திருந்த அச்யுத்தின் ஜாதகத்தில் அது எட்டாமிடத்தில் இருந்தது. முன்பு வந்த வரன்கள் யாவும் அதனாலேயே தட்டிப்போயிருந்தன.

பெண்ணான மஹதிக்கும் அதே தோஷம் இருந்தபடியால் இம்முறை ஜோதிடர் தடை சொல்லவில்லை. கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர் என்று தரகர் கூறியிருந்தார். புகைப்படத்தைப் பார்த்த நாள் முதலாக, இந்த இடமாவது அமைய வேண்டுமென்று அச்யுத் உள்ளூர ஏங்கிக்கொண்டிருந்தான்.

பெண்ணின் தந்தை வேதாந்தம், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளையின் வேலையைக் குறித்து விசாரித்தார். தான் கோள்களை ஆராயும் விஞ்ஞானி என்றும், செவ்வாய்க் கிரகச் சமவெளி ஒன்றில் விண்கற்கள் விழுந்த பள்ளங்களை எண்ணி அந்நிலத்தின் வயதைக் கணித்திருப்பதாகவும் அச்யுத் அடக்கத்துடன் தெரிவித்தான். பள்ளங்கள் கூடுதலாக இருந்தால் நிலம் பழையது என்று விளக்கவும் செய்தான்.

அதுவரை தலை நிமிராதிருந்த மஹதி, "உங்க அப்பா பேர் என்ன?" என்று கேட்டாள்.

"ஸ்ரீரங்கன்."

காலஞ்சென்ற தம் கணவரைப் பற்றி ஒரு பெண் தானாக விசாரித்தது அச்யுத்தின் தாயார் ஹம்சாவை நெகிழச் செய்தது. அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆராய்ச்சிப் பேப்பர் எழுதினா மட்டும் போறாது, யாராவது அதைத் தன் பேப்பர்ல மேற்கோளா சைட் பண்ணணும்னு மஹதி சொல்லிண்டே இருப்பா," என்றார் வேதாந்தம். "உங்களை யாராவது பண்றாளா?"

அச்யுத் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தான். அவனை மேற்கோள் காட்டியவர்களில் அவனையும், அவனுக்கு வழிகாட்டிய பேராசிரியரையும் நீக்கினால் ஒருவரே மிஞ்சுவார்.

"வெளியாள் ஒருத்தர் பண்ணியிருக்கார், மாமா. வேடிக்கை என்னன்னா, அவருக்கும் உங்க பேர். வேதாந்தம், எம்."

"அட. எம்னா முகுந்தனா இருக்குமோ?"

"மாதவனாக் கூட இருக்கலாம். ஆனா பெரியவர், மாமா. எழுபதுக்குக் குறையாது. எழுத்துல அந்த நிதானம் தெரியறது."

அக்கட்டுரையின் தலைப்பைத் தவிர வேறெதையும் அவன் படித்ததில்லை என்பதை வாசகர்களிடம் மறைப்பது முறையாகாது.

"அந்தப் பெரியவர் என்ன சொல்றார்?" என்று மஹதி கேட்டாள்.

"செவ்வாய்ல பள்ளம் எண்ணினா என்னோட ஸ்ரீரங்கன் முறைப்படிதான் எண்ணணுங்கறார்."

வேதாந்தம் தம் மனைவி ஜலஜாவைப் பெருமையோடு பார்த்தார். தம் பெயர் கொண்ட ஒருவர் மாப்பிள்ளையைப் பாராட்டியது அவருக்குத் தாமே பாராட்டியது போலிருந்தது. உள்ளம் குளிர்ந்து, சிறியவர்கள் தனியே பேசட்டும் என்று இருவரையும் பால்கனிக்கு அனுப்பிவைத்தார்.

பறக்கும் ரயில் ஒன்று இரைந்துகொண்டு கடந்து சென்றதும் மஹதி கேட்டாள்.

"அந்தப் பேப்பரை நெஜமாவே படிச்சேளா?"

"ரெண்டு தடவை."

அவள் அவனைச் சிறிது நேரம் பார்த்தாள். மாற்றிச் சொல்வதற்கு அந்த அவகாசம் போதுமானது. அவன் புன்னகை மட்டும் செய்தான்.

"ரெண்டு சாட்டிலைட் படம் சேர்ற ஓரத்துல இருக்கற பள்ளத்தை எல்லாம் நீங்க ரெண்டு தடவை எண்ணிட்டேள்னு அதுல இருக்கு. அப்படி அறுபத்திரண்டு பள்ளம். கழிச்சுப் பார்த்தா உங்க நிலத்துக்கு வயசு பாதிகூட இல்லை."

அப்பெரியவரின் அறிவை மதிப்பதாகவும், எனினும் அந்த வயதில் கண்பார்வை மங்குவது இயல்பே என்றும் அவன் குழறினான்.

"என் கண்ணு நன்னாத்தான் இருக்கு," என்றாள் அவள். "உங்களை மாதிரி நானும் அப்பா பேர்லதான் எழுதறேன். எம்னா மஹதி."

அவன் காலிக் காப்பி டம்ளரை மறுபடியும் வாயில் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்தான்.

"தப்பா எண்ணினது ஒண்ணும் பெரிசில்லை, திருத்திக்கலாம். படிக்காததைப் படிச்சேன்னு சொன்னேளே, அதான் வேண்டாங்கறேன்," என்று கூறிவிட்டு, அவன் குடித்துவைத்த காப்பி டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

அன்று மாலை அச்யுத் இழந்தவை: ஒரு வரன், அறுபத்திரண்டு பள்ளங்கள், எழுபது வயதுப் பெரியவர் ஒருவர்.